கொல்லிமலைக்கு உடுத்திக்கொண்டு போனது

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்குக் குளிர் என்பது பஞ்சாங்கத்தில் வருகிற சமாசாரம். மார்கழி என்று போட்டிருந்தால் குளிர வேண்டும் என்று அர்த்தம். நாங்களும் மரியாதைக்காகக் கொஞ்சம் நடுங்கிவைப்போம். காவிரியில் முழுகி எழுந்து, "ஸ்... அப்பாடா" என்று தோளைக் குலுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் விசிறியைத் தேடுவோம். வெயிலைப் பற்றிக் கேளுங்கள், வகை வகையாகச் சொல்கிறோம். குளிரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான்.

இந்த ஒரே ஒரு ஞானத்தை வைத்துக்கொண்டு, ஒரு கார்த்திகை மாசக் கடைசியில், நான் கொல்லிமலை ஏறினேன். ஏறியது பெண் பார்க்க.

(மலை ஏறுவதும் பெண் பார்ப்பதும் ஒரே உடுப்பில் செய்யக்கூடிய காரியங்கள் அல்ல என்பதை யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் காதில் பஞ்சு இருந்தது.)

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு இருபத்துநாலு வயசு. திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில், வருகிறவர்களுக்கு வேஷ்டி பிரித்துக் காட்டுவது உத்தியோகம். அதற்கு முந்தைய வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் காலை மிதித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "கண்ணு கோபுரத்துல இருந்தா கால் இப்படித்தான் யார் மேலேயாவது இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. விசாரித்ததில் பெயர் கோமளம், தாயார் இல்லை, தகப்பனார் காட்டு இலாகாவில் ரேஞ்சர், கொல்லிமலை உச்சியில் வாசம், அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இவளும் அங்கேயே இருக்கிறாள் என்று தெரிந்தது. ஜாதகம் போயிற்று, பொருந்திற்று. ஆனால் கும்பகோணத்திலிருந்து இன்னொரு ஜாதகமும் போய்ப் பொருந்தியிருந்தது. அந்தப் பையன் பாங்கியில் வேலை. நான் வேஷ்டி பிரிக்கிறவன்.

ரேஞ்சர் ஒரு உறவுக்காரரிடம் சொல்லி அனுப்பினார்: "மார்கழி பொறக்கறதுக்குள்ள பையன் மலையேறி வந்து பார்த்துட்டுப் போகட்டும். வந்தா பேசலாம். வரலேன்னா கும்பகோணத்துக்கு வாக்குக் குடுத்துடுவேன்."

அந்தக் காலத்தில் அந்த மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா மலைக்கோட்டையையே ஓடத்துறையில் நின்று கும்பிட்டுவிடுகிறவள். ஆகவே துணைக்கு என் அக்காவின் புருஷனை, அத்திம்பேரை, அனுப்பினார்கள். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஒரு தடவை ஜனவரி மாசத்தில் டெல்லிக்குப் போய்வந்திருந்தார். அதிலிருந்து எங்கள் தெருவில் குளிருக்கு அவர்தான் அத்தாரிட்டி.

"டெல்லியில எச்சில் துப்பினா, கீழே விழறதுக்குள்ள கல்லாயிடும்டா."

"நீங்க துப்பிப் பார்த்தேளா, அத்திம்பேர்?"

"இன்னொருத்தன் ஊர்ல போய்த் துப்புவாளா? கேள்விப்பட்டேன்."

என்ன உடுத்துவது என்று நான் அவரைக் கேட்கவில்லை. எனக்கே ஒரு யோசனை உதித்திருந்தது. சில நாள் முன்னால்தான் கோயிலில் கைசிக ஏகாதசி. அன்றைக்கு நம்பெருமாளுக்கு வருஷத்தின் நாளுக்கு ஒன்றாகப் பட்டு வஸ்திரம் சாத்துவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்திக்கொண்டே இருப்பார்கள். குளிர்காலம் வருகிறது, பெருமாளுக்குக் குளிரப்படாது என்று சின்ன வயசில் அம்மா எனக்கு அர்த்தம் சொல்லியிருந்தாள். கூட்டத்தில் நின்று பார்த்தவனுக்குப் பளிச்சென்று பட்டது. குளிருக்கு வழி, துணிமேல் துணி! ஜவுளிக் கடைக்காரனுக்குத் துணிக்கா பஞ்சம்?

(பெருமாள் நடந்து மலையேறப் போவதில்லை, அவருக்கு வியர்க்கவும் வியர்க்காது என்கிற வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை.)

கடையில் இருந்ததெல்லாம் பருத்திதான். எல்லாம் வெள்ளை. பெண் பார்க்கப் போகிற விஷயத்தை வண்ணானிடம் சொன்னது தப்பாய்ப் போயிற்று. அவன் ஆசீர்வாதத்தையெல்லாம் கஞ்சியாகக் காய்ச்சி முக்கி எடுத்துவிட்டான். வேஷ்டிகள் மூலையில் தாமாகவே நின்றன.

துறையூர் பஸ்ஸில் கிளம்பினோம். திருவெள்ளறை தாண்டும்போது அத்திம்பேர் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைக் கும்பிட்டு, "பையனுக்கு நாளைக்கு நாக்கு குழறப்படாது" என்று எனக்குக் கேட்கிற மாதிரி வேண்டிக்கொண்டார். இரவு உப்பிலியபுரத்தில் ஒரு சத்திரத்தில் படுத்தோம். மறுநாள் விடிகிற சமயத்தில் நான் உடுத்த ஆரம்பித்தேன். மேலே போய் உடுப்பு மாற்ற இடம் ஏது? ஆகையால் எல்லாவற்றையும் கீழேயே.

உள்ளேயிருந்து வரிசையாகச் சொல்கிறேன். பனியன்மேல் பனியன். அரைக்கைச் சட்டை. அதன்மேல் முழுக்கைச் சட்டை. மார்பில் குறுக்கும் நெடுக்குமாக அங்கவஸ்திரம். அதன்மேல் ஜிப்பா. ஜிப்பாவின்மேல் ஒரு துப்பட்டி. இடுப்புக்குக் கீழே ஒரு பைஜாமா, அதன்மேல் மில் வேஷ்டி, அதன்மேல் இன்னொரு வேஷ்டி, எல்லாவற்றுக்கும் மேலே, பெண் பார்வைக்காக, மயில்கண் கரை போட்ட வேஷ்டி. தலையில் குரங்குக் குல்லா. கழுத்தில் மஃப்ளர். காலில் இரவல் கான்வாஸ் ஷூ. காதில் பஞ்சு. அம்மா எனக்கென்றே பிரித்துத் தேய்த்து உருட்டிக் கொடுத்த பஞ்சு, ஒரு தலையணைக்குப் போதும்.

புளியஞ்சோலை வரை கொண்டுவிட வந்த மாட்டுவண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மாட்டைப் பார்த்தார்.

"என்ன சாமி, ஒடம்பு சொகமில்லீங்களா?"

"மேலே குளிருமாமே" என்றேன்.

"மேலதானுங்களே குளிரும்? இன்னும் கீழதான இருக்கீங்க."

அத்திம்பேர் சிரித்தார். அவர் ரயில்வேயில் கொடுத்த கறுப்புக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். வழியில் அவர் சும்மா இருந்திருக்கலாம். "ஏம்ப்பா, அந்த மலையில பேய் பிசாசு ஏதாவது..." என்று பொழுதுபோக்காகக் கேட்டார்.

வண்டிக்காரர் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "பேயின்னு சொல்லமாட்டாங்க சாமி. அங்க ஒரு பொண்ணு. வெள்ளையா பொகை எறங்கும் பாருங்க, அப்ப வருவா. ஒண்ணும் பண்ணமாட்டா. உக்காருன்னுதான் சொல்லுவா. உக்காந்தா சொகமா இருக்குமாம். அப்புறம் போய்ப் பாத்தா, சிரிச்ச மூஞ்சியோட கெடப்பாங்க" என்றார்.

"சிரிச்ச மூஞ்சியோடயா?"

"ஆமாங்க. அதான் பாக்க முடியாது."

அதன்பிறகு புளியஞ்சோலை வரை அத்திம்பேர் டெல்லியைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ராகுகாலம் பிறப்பதற்குள் பெண் வீட்டு வாசற்படியை மிதித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. ஓடையைத் தாண்டி ஏற ஆரம்பித்தோம். அடிவாரத்தில் குளிரும் இல்லை, ஒன்றும் இல்லை, கார்த்திகைப் புழுக்கம். கொஞ்ச தூரத்திலேயே எனக்குள்ளே வியர்வை ஊற்றெடுத்துவிட்டது. முதல் பனியன் நனைந்து, அது அடுத்ததை நனைத்து, அது சட்டைக்குச் சொல்லி, சட்டை ஜிப்பாவுக்குச் சொல்லி, வதந்தி பரவுகிற மாதிரி ஈரம் வெளியே வந்துகொண்டிருந்தது. அத்திம்பேருக்குத் தொந்தி. அவர் இரண்டாவது வளைவிலேயே கோட்டைக் கழற்றி, சட்டையையும் கழற்றி, மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பூணூலோடு ஏறினார்.

"நீங்களும் போட்டுக்கோங்கோ, ஜலதோஷம் பிடிக்கும்" என்று நான் எச்சரித்தேன். (ஆமாம், நான்தான் எச்சரித்தேன்.)

பாதி மலையில் அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "டேய், என்னாலே இந்த வேகத்துக்கு முடியாது. பாதை ஒண்ணுதானே? நீ முன்னாடி போய் வாசப்படியை மிதிச்சுடு. ராகுகாலத்துல உள்ளே போனேன்னு உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, பழி எனக்கு வரும்."

நானும் கும்பகோணத்தை நினைத்துக்கொண்டு தனியாக ஏறினேன்.

மரங்கள் குட்டையாகி, பாறைகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் காற்று வந்தது. முதலில் சுகமாகத்தான் இருந்தது. அப்பாடா என்று நின்றேன். நின்ற மாத்திரத்தில் உடம்போடு ஒட்டியிருந்த அத்தனை ஈரத் துணியும் ஒரே சமயத்தில் ஐஸ் ஆயிற்று. முதுகில் யாரோ பச்சைத் தண்ணீரில் முக்கிய கையை வைத்து அழுத்துகிற மாதிரி. கையை உதறினேன், தோளைக் குலுக்கினேன். அழுத்தம் போகவில்லை. கீழேயிருந்து பனி எழுந்து வந்தது. புகை இறங்கும் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். இது ஏறி வந்தது. முதலில் பள்ளத்தாக்கு போயிற்று. பிறகு பாறைகள். பிறகு என் ஷூ. கடைசியில் உலகத்தில் மிச்சம் இருந்தது என் மூக்கு ஒன்றுதான்.

அப்போதுதான் மத்தளம் கேட்டது.

தூரத்தில் இல்லை, பக்கத்திலும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, 'தும்... தும்...' என்று. நான் நின்றேன். அது நிற்கவில்லை. வேகம் கூட்டிற்று. நான் பயப்படப் பயப்பட அதற்கு உற்சாகம். எங்கோ எதற்கோ யாரையோ கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஊர்வலம் கிட்டேயும் வரவில்லை, எட்டியும் போகவில்லை. நான் நடந்தால் என்னோடு நடந்தது.

அடுத்தது காலடி. 'சரக்... சரக்...' என்று எனக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில். நான் நின்றால் அதுவும் நின்றது. நான் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒன்று வைத்தது. மெதுவாக வைத்துப் பார்த்தேன். அதுவும் மெதுவாக, ரொம்ப மரியாதையாக வைத்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. (குரங்குக் குல்லாவில் திரும்பினால் முகம்தான் திரும்பும், ஓட்டை திரும்பாது. திரும்பியபோது ஒரே இருட்டு. அதற்கே பாதி உயிர் போயிற்று.)

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே ஒரு பானைக்குள்ளிருந்து கேட்டது.

பதிலுக்கு வாசனை வந்தது. சோறு வடித்த வாசனை. சுடச்சுடக் கஞ்சி வடித்த மணம். சுற்றிலும் பாறை. வீடு இல்லை, அடுப்பு இல்லை, ஒரு மனுஷன் இல்லை. யாரோ எனக்காகச் சமைத்துவிட்டு, இலை போட்டு, காத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாசனை என்னைவிட்டு நகரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டால் கையிலும் அதே வாசனை.

எனக்குத் தெரிந்த பாசுரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது, "கெஜம் என்ன விலை, உங்களுக்காகக் குறைத்துத் தருகிறேன்" என்பதுதான். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நடந்தேன். பற்கள் தாளம் போட்டன. கை விரல்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. எவ்வளவு தூரம் நடந்தேன், பாதையில்தான் இருந்தேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

ஒரு பாறை தெரிந்தது. உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றியது.

உட்கார்ந்தேன்.

அதிசயம் என்னவென்றால் நடுக்கம் நின்றுவிட்டது. நமக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது, இவ்வளவுதானா குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கதகதவென்று இருந்தது. மத்தளம்கூட மெதுவாக, தாலாட்டு மாதிரி அடித்தது. சோற்று வாசனை இனிமையாக இருந்தது. குளிர்தான் போய்விட்டதே என்று மஃப்ளரை அவிழ்த்து மடித்து, கடையில் மடிக்கிற மாதிரி விளிம்புக்கு விளிம்பு சேர்த்து மடித்து, பக்கத்தில் வைத்தேன். கோமளம், கும்பகோணம், ராகுகாலம் எல்லாம் யாரோ சொன்ன கதையாகத் தெரிந்தது. என் உதடு தானாக விரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்தும் எனக்குப் பயம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் பயப்படாத சந்தர்ப்பம் அது ஒன்றுதான். பயந்திருக்க வேண்டிய சந்தர்ப்பமும் அதுதான்.

"எழுந்திருங்கோ."

பெண் குரல். பஞ்சையும் மீறி, மிகப் பக்கத்தில். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ரயிலில் நம் ஸ்டேஷன் வந்துவிட்டது என்று எதிர் சீட்டு மாமி சொல்கிற மாதிரி.

எழுந்துவிட்டேன். ஸ்டேஷன் என்றால் இறங்கித்தானே ஆக வேண்டும்?

எழுந்த அதே வேளையில் முதுகுப் பக்கம் மேகம் கிழிந்து வெயில் வந்தது. எனக்கு எதிரே, பள்ளத்துக்கு மேலே, பனியில், ஒரு ஆள் நின்றிருந்தான். பனைமர உயரம். முகம் இல்லை. தலையைச் சுற்றி வானவில் வளையமாக நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவும் என்னைக் கும்பிட்டது.

அதற்குமேல் மரியாதை பார்க்க முடியவில்லை. ஓடினேன். பாதை இடப்பக்கம் வளைந்தது. அதுவும் என்னோடு பள்ளத்தின் மேலேயே ஓடி வந்தது. மத்தளம் பிய்த்துக்கொண்டு அடித்தது. 'சரக் சரக்' பின்னாலேயே. கஞ்சி வாசனை கூடவே. "குறைத்துத் தருகிறேன், குறைத்துத் தருகிறேன்!" என்று அலறிக்கொண்டு நான் ஒரு மேட்டைத் தாண்டி விழுந்தேன். விழுந்த இடம் ஒரு ஓட்டு வீட்டின் முற்றம்.

முற்றத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். வெள்ளையாக, உருண்டையாக, முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் தெரிகிற ஒரு பொருள் தன்னை நோக்கி விலை குறைத்துக்கொண்டே வருவதைப் பார்த்தாள். மற்றப் பெண்களாக இருந்தால் கத்தியிருப்பார்கள். அவள் ஒரு விறகைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு காலைப் பார்த்தாள், ஷூ இருந்தது. விறகைக் கீழே போட்டாள்.

"அப்பா! வாங்கோ! ஸ்ரீரங்கத்துக்காரர் வந்திருக்கார். ஒதடெல்லாம் நீலமா இருக்கு!"

ரேஞ்சர் வந்தார். ஒரு மெல்லிசுச் சட்டை, தோளில் சுருட்டிப் போட்ட கறுப்புக் கம்பளி. என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அதெல்லாத்தையும் அவுருங்கோ" என்றாள் கோமளம்.

பெண் பார்க்க வந்தவனிடம் பெண் பேசிய முதல் வாக்கியம் இது.

"நா... நான்... அத்திம்பேர் வரட்டும்..."

"அத்திம்பேர் வரதுக்குள்ள நீங்க போயிடுவேள். அவுருங்கோ!"

முதலில் குல்லாவைப் பிடுங்கினாள். "காதுல என்னது இது? தலகாணி மாதிரி?" என்று இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினாள்.

மத்தளம் நின்றது.

அப்படியே, சட்டென்று. அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. அத்தனை நேரம் நான் கேட்டது என் நெஞ்சை. காதை அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பதுதான் கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் தலையைத் திருப்பிக்கொள்ள, ரேஞ்சர் வேஷ்டியை உருவினார். நனைந்து, காற்றில் விறைத்து, பனைமட்டை மாதிரி ஆகியிருந்த மயில்கண் கரை 'சரக்' என்றது. அதைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் மரியாதையாக நடந்து வந்தவன் தரையில் கிடந்தான். "இன்னொண்ணா?" என்றார் ரேஞ்சர். அதையும் உருவினார். "இன்னொண்ணா! ஓய், நீர் மாப்பிள்ளையா, வாழைமரமா?"

"அப்பா, யாரு சோறு வடிச்சா? நான் இன்னும் உலையே வைக்கலியே" என்றாள் கோமளம், சுவரைப் பார்த்துக்கொண்டே.

ஒருவரும் வடிக்கவில்லை. என் ஜிப்பாதான்.

இப்படியாக, துணி துணியாக, பேய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வானவில் வளையம் போட்ட பனைமரத்தானைப் பற்றிச் சொன்னேன். ரேஞ்சர், "வெயில் முதுகுல, பனி முன்னால. அது உம்ம நிழல் ஓய். நான் தினம் அதுக்குக் குட்மார்னிங் சொல்லிண்டுதான் போறேன்" என்றார்.

வெறும் உடம்பில் கறுப்புக் கம்பளியைச் சுற்றி என்னை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். முள் மாதிரிக் குத்திற்று. அதைவிட சுகமான துணியை நான் அதுவரை தொட்டதில்லை. சுக்கு வெந்நீர் வந்தது. எனக்கு மறுபடி நடுக்கம் பிடித்துக்கொண்டது. "நல்லது, நடுங்கட்டும்" என்றார் ரேஞ்சர். கண் சொருகிற்று.

"தூங்கப்படாது. பேசுங்கோ" என்றாள் கோமளம்.

"எ... என்ன பேச?"

"அப்போ பாடுங்கோ."

பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். அன்றைக்கு நான் பாடினேன். நடுக்கத்தில் வந்த கமகங்கள் எந்த வித்வானுக்கும் வராது. பாடி முடித்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ரேஞ்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அத்திம்பேர் வந்து சேர்ந்தார். மேட்டில் காற்று வந்ததும் மூட்டையைப் பிரித்து உலர்ந்த சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, நிதானமாக, ஜம்மென்று வந்தார். கம்பளிக்குள் மாப்பிள்ளையையும், கொடியில் தொங்கிய ஜவுளிக் கடையையும் பார்த்தார்.

"ராகுகாலத்துக்கு முன்னாடியே உள்ளே வந்துட்டானோல்லியோ?"

"வந்துட்டார். அவரை வெளியே எடுக்கத்தான் நாழியாச்சு" என்றார் ரேஞ்சர்.

"நான் சொன்னேன், கேட்டாத்தானே" என்று அத்திம்பேர் உட்கார்ந்தார். "டெல்லியில..."

(அவர் ஒன்றும் சொல்லவில்லை. வியர்த்தது, கழற்றினார்; குளிர்ந்தது, போட்டுக்கொண்டார். மாட்டுக்குக்கூடத் தெரிந்த காரியம். குளிர்ப் பிரதேசத்தில் மலையேறப் போகிற வாலிபர்கள் யாராவது இதைப் படித்தால், என் ஜன்மத்தின் மொத்த ஞானமும் இதுதான்: ஏறும்போது கொஞ்சம் குளிர்கிற மாதிரியே ஏறுங்கள். கம்பளியைத் தோளில் வையுங்கள், நின்றால் போர்த்துங்கள். உடம்போடு ஒட்டுகிற துணிக்கு மாற்று ஒன்று, உலர்ந்ததாக, மூட்டையில் இருக்கட்டும். ஜவுளிக் கடைக்காரன் சொல்கிறேன், ஈரப் பருத்தியை நம்பாதீர்கள். கஞ்சியை அறவே நம்பாதீர்கள்.)

கும்பகோணத்துக்கும் எனக்கும் நடுவே தீர்ப்பு அன்று சாயங்காலமே ஆயிற்று. ரேஞ்சர் பின்கட்டில் மகளைக் கேட்டது, காதில் பஞ்சு இல்லாததால், எனக்கு நன்றாகவே கேட்டது.

"என்னம்மா சொல்றே? பாங்கிப் பையன் இதைவிட நல்ல எடம்தான்."

"அவர் மலையேறி வரேன்னாராப்பா?"

"ரோடு போட்டா வரேன்னு சொல்லியனுப்பியிருக்கார்."

"இவர் செத்துப்போவோம்னு தெரியாமயே ஏறி, சாகாமலும் வந்துட்டாரேப்பா. போறும். இனிமே தனியா எங்கேயும் அனுப்பாம இருந்தா சரி."

பாறையில் என்னை எழுப்பியதும் அந்தக் குரல்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்யாணமாகிப் பல மாதம் கழித்து ஒரு நாள் கேட்டேன், "அந்தப் பாறைகிட்ட எழுந்திருங்கோன்னு சொன்னது நீதானே?" என்று. அவள் சிரிக்கவில்லை. "நான் அன்னிக்கு முத்தத்தை விட்டு எங்கேயும் போகலியே. அந்தப் பாறை வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம் தெரியுமா?" என்றாள். மஃப்ளரை மறுநாள் காட்டு இலாகா ஆள் எடுத்துவந்தான். விளிம்புக்கு விளிம்பு மடித்தபடியே இருந்ததாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு துணியைக் கழற்றி விளக்கம் கண்டுவிட்டேன். அந்தக் குரலுக்கு மட்டும் கழற்ற ஒரு துணியும் மிஞ்சவில்லை.

தை மாசத்தில் கல்யாணம். காசி யாத்திரை என்று மாப்பிள்ளை குடையும் விசிறியும் கைத்தடியுமாகக் கிளம்புவான், பெண்ணின் தகப்பனார் வழிமறித்துக் கூப்பிடுவார் அல்லவா? நான் உத்தர வீதியில் கிளம்பி நாலு அடி வைத்தேன். ரேஞ்சர் தேங்காயோடு வந்தார். இன்னொரு கையில் அந்தக் கறுப்புக் கம்பளி. "காசியில குளிர் ஜாஸ்தி மாப்பிள்ளை. இதையும் எடுத்துண்டு போங்கோ" என்று கண் சிமிட்டாமல் நீட்டினார். கோமளம் சொல்லிக்கொடுத்ததாம். தெருவே சிரித்தது. நாதஸ்வரக்காரர் குழலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்து என் தம்பி கல்யாணம். வேடிக்கையாக யாரோ ஒரு கம்பளி கொண்டுவந்தார்கள். பிறகு அத்திம்பேர் வீட்டு மருமகனுக்கு. பிறகு சித்தப்பா பிள்ளைக்கு. இந்த அறுபதுகளில் எங்கள் குடும்பத்தில் கம்பளி இல்லாமல் ஒரு பயல் காசிக்குக் கிளம்புவதில்லை. சம்பந்தி வீட்டுக்காரர்கள் காரணம் தெரியாமல் தாங்களே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

சென்ற தையில் அக்காவின் கடைசிப் பெண் கல்யாணம். மாப்பிள்ளை கைலாசபுரம் பாய்லர் தொழிற்சாலையில் இஞ்சினீயர். கம்பளியைப் பார்த்து, "இது எதுக்கு மாமா?" என்று வாத்தியாரைக் கேட்டான். வாத்தியார் புதியவர். தெரியாது என்று சொல்ல வாத்தியார்களால் முடியாது.

"கம்பளிங்கறது வைராக்யத்துக்கு அடையாளம். ஆதி காலத்துலேர்ந்து வர சம்பிரதாயம். நன்னா இழுத்துப் போர்த்திக்கோங்கோ."

பையன் பக்தியோடு போர்த்திக்கொண்டான். பந்தலில் நல்ல புழுக்கம். அவன் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்த்ததைப் பார்த்ததும், பெண்கள் கூட்டத்திலிருந்து கோமளத்தின் குரல் கணீரென்று கேட்டது.

"போர்த்திக்கப்படாது! தோள்ல போட்டுண்டா போறும்!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பந்தல் ஓலையில் ஏதோ முக்கியமான விஷயத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் ஒரு கணம்தான் திகைத்தார். "ஆமாம், ஆமாம், மாமி சொல்றது சரி. போர்த்திக்கப்படாதுன்னுதான் சாஸ்திரம்" என்று சொல்லி, கம்பளியை அவரே எடுத்து மாப்பிள்ளையின் தோளில் மடித்துப் போட்டார்.